இருவர் மாறுகோள்: அசைவூட்டப் படங்கள் பற்றிய எதிரெதிர் விமர்சனங்களை ஒரே கட்டுரைக்குள் கொண்டுவருதல்

இறுதியாண்டு ஒப்படைகளில் ஓர் அமைப்புத் திரும்பத் திரும்ப வரும். முதற் பந்தியில் ஒரு விமர்சகர் சொன்னது, அடுத்ததில் இன்னொருவர் சொன்னது, மூன்றாவதில் அவருக்கு மாறாக வேறொருவர் சொன்னது. கடைசியில், "ஆகவே இப்படம் பற்றிப் பல்வேறு கருத்துகள் நிலவுகின்றன" என்று ஒரு வரி. விரிவுரையாளர் ஓரத்தில் "உமது கருத்து எங்கே?" என்று எழுதித் திருப்பித் தருவார். மாணவர் உடனே கடைசியில் தன் கருத்தென்று ஒரு பந்தியை ஒட்டுவார். அது பயன் தராது. பந்திகளை ஆட்களின் பெயரால் பிரித்ததுதான் பிழை. அப்படிப் பிரித்த கட்டுரை எவ்வளவு உழைத்தாலும் சுருக்கத் தொகுப்பாகவே முடியும். கேள்விகளால் பிரித்தால் விமர்சகர்கள் ஒரே பந்திக்குள் முகத்துக்கு முகம் வருவார்கள். அப்போது யார் பக்கம் நியாயம் என்று நீங்கள் சொல்லாமல் தப்ப முடியாது.

ஊடகக் கற்கைகள், நுண்கலை, தமிழ் போன்ற துறைகளில் 3000 சொல் அளவில் ஓர் ஒப்படை, அல்லது ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் எழுதுவோரை மனதில் வைத்து இது எழுதப்படுகிறது. உதாரணத்துக்குப் பெரும்பாலும் ஒரே படம்: தக்காஹத்தா இசாவோ இயக்கி 1988இல் யப்பானின் ஜிப்லி நிறுவனத்திலிருந்து வந்த ‘மின்மினிகளின் கல்லறை’. இரண்டாம் உலகப் போர்க் குண்டுவீச்சில் தாயை இழந்த அண்ணன் செய்த்தா, தங்கை செத்சுகோ, ஒரு பதுங்குகுழி, பசி. யாழ்ப்பாணத்து வாசகருக்கு இந்தக் கதையை நீட்டிச் சொல்லத் தேவையில்லை.

எத்தனை மூலங்கள், எவை

3000 சொல்லுக்கு ஐந்து முதல் ஏழு மூலங்கள் போதும். பத்தைத் தாண்டினால் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிதான் கிடைக்கும். ஒரு வரியில் எவருடைய வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல முடியாது. அந்த ஐந்தாறில் இருவராவது நேருக்கு நேர் மோத வேண்டும். ஒருவர் வரைவு, அசைவு, நிறம் பற்றிப் பேசுபவராக இருக்க வேண்டும். இது அடிக்கடி விடுபடும்: அசைவூட்டப் படத்தைப் பற்றி எழுதிய கட்டுரை முழுவதிலும் அது வரையப்பட்ட படம் என்ற செய்தியே இருக்காது. மற்றொன்று இயக்குநரின் கூற்று அல்லது தயாரிப்பு வரலாறு. இன்னொன்று மூலக்கதை பற்றியது. இப்படத்துக்கு நொசாக்கா அக்கியுக்கி 1967இல் எழுதிய சிறுகதை.

பத்திரிகை மதிப்புரையையும் ஆய்வுக் கட்டுரையையும் ஒரே தட்டில் வைத்து மோதவிடாதீர்கள். அமெரிக்கப் பத்திரிகை விமர்சகர் றொஜர் ஈபேட் 2000ஆம் ஆண்டில் இப்படத்தை மிகச் சிறந்த போர்த் திரைப்படங்களின் வரிசையில் வைத்தார். படத்தின் தரத்தைப் பற்றிய தீர்ப்பு அது. யப்பானிய அசைவூட்டத்தை ஆராயும் சூசன் நேப்பியர் கேட்பது, யப்பானியர் போரை எப்படி நினைவுகூர்கிறார்கள் என்பது. இவ்விருவருக்கும் இடையில் "முரண்பாடு" காண்பது இல்லாத சண்டையை மூட்டிவிடுவது.

ஆய்விதழ்க் கட்டுரைகளைத் தொகுத்திருக்கும் ஜேஸ்டோர் (JSTOR) தளத்தில் தனியாள் கணக்கை இலவசமாகத் திறந்து மாதத்துக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையான கட்டுரைகளைத் திரையில் வாசிக்கலாம். ஈழத்துச் சஞ்சிகைகளுக்கு ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் இருக்கிறது. பரமேஸ்வராச் சந்திப் பக்கம் அத்தியாயத்தைப் போட்டோக்கொப்பி எடுக்கக் கொடுக்கும்போது நூலின் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். ஆண்டும் பதிப்பும் பதிப்பகமும் அங்கேதான் உண்டு. சமர்ப்பிக்கும் முதல்நாள் இரவு உசாத்துணை எழுதும்போது இதன் அருமை தெரியும். நேப்பியரின் நூல் 2001இல் ஒரு தலைப்பிலும் 2005இல் புதுக்கிய பதிப்பாக வேறு தலைப்பிலும் வந்தது. எது உங்கள் கையில் இருக்கிறதென்று குறிக்காவிட்டால் நீங்கள் இடும் பக்க எண்ணுக்குப் பொருளில்லை.

படத்துக்கும் பதிப்பு உண்டு. இன்னொரு யப்பானிய இயக்குநரான மியாசாக்கியின் ‘நௌசிகா’ (1984) 117 நிமிடம். அமெரிக்காவில் 1985இல் அதை 95 நிமிடமளவில் வெட்டி, பெயரையும் மாற்றி வெளியிட்டார்கள். அந்த வெட்டுப் பதிப்பைப் பார்த்தவரும் முழுப்படத்தைப் பார்த்தவரும் முரண்பட்டால் அது கருத்து வேறுபாடே இல்லை. இன்னொரு சிறு பொறி: நொடிக்கு 24 சட்டகத்தில் எடுத்த படத்தைப் பால் (PAL) ஒளிபரப்பு முறை டிவிடி 25 சட்டகமாக ஓட்டும். 89 நிமிடப் படம் சுமார் 85 நிமிடத்தில் முடிந்துவிடும். நீங்கள் குறித்த நேரக்குறி பரிசோதகரின் பிரதியில் மூன்று நிமிடம் தள்ளி நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எந்தப் பிரதி, எந்த மொழிக் குரல், எந்தத் துணையெழுத்து என்று முதல் அடிக்குறிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

கட்டம் போடுதல்

ஓர் ஏ3 தாளைக் குறுக்காக வையுங்கள், அல்லது சீ.ஆர். கொப்பியில் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டை எடுங்கள். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக விமர்சகர் பெயர்கள். மேலே ஆறு நிரல்கள்:

முதல் நிரலில், அவர் எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறார் என்பது. கட்டாயம் கேள்விக்குறியோடு முடிய வேண்டும். "போரும் நினைவும்" என்று எழுதினால் அது தலைப்பு, கேள்வி ஆகாது. இரண்டாவதில் அவருடைய விடை, உங்கள் சொந்தச் சொற்களில், 25 சொல்லுக்கு மேற்படாமல். மூன்றாவதில் அவர் சான்று எடுக்கும் தளம்: கதையா, வரைவும் அசைவுமா, தயாரிப்பா, வரவேற்பா, மூலநூலா. நான்காவதில் அவர் சுட்டும் காட்சி. ஐந்தாவதில் அவருடைய மையச் சொல்லும் அதை அவர் ஆளும் பொருளும். ஆறாவதில், எதிர்த்தரப்புக்கு அவர் விட்டுக்கொடுக்கும் இடம். ஒவ்வொரு கட்டத்திலும் பக்க எண்.

ஆறாவது நிரலை நிரப்பத்தான் கூடுதல் நேரம் எடுக்கும். நல்ல விமர்சகர் எவரும் எங்கோ ஓரிடத்தில் "உண்மைதான், ஆயினும்" என்று ஒரு வாசல் திறந்து வைத்திருப்பார். கட்டுரையின் முன்னுரையையும் முடிவுரையையும் மட்டும் வாசிப்பவர் கண்ணில் அது படாது; அநேகமாக நடுப்பகுதியில் கிடக்கும். இருவரை இணைக்கும் பாலம் பெரும்பாலும் அங்கேதான்.

நிரப்ப முடியாத கட்டத்தை வெறுமையாக விடுங்கள். நிரப்புவதற்காகக் கற்பனை செய்ய வேண்டாம். மூன்றாம் நிரலில் எல்லோருக்கும் "கதை" என்றே விழுந்தால் உங்கள் கட்டுரைக்கான இடம் கிடைத்துவிட்டது. இப்படத்தில் உருவங்களின் புறக்கோடுகள் வழக்கமான கறுப்பில் இல்லாமல் பெரும்பாலும் மண்ணிறத்தில் வரையப்பட்டிருக்கின்றன. நினைவு பற்றிப் பேசும் விமர்சகர் எவரும் இதைத் தொடவில்லை என்று உங்கள் கட்டம் காட்டினால், தொட வேண்டியவர் நீங்கள். வரைவுத் தளத்துக்குக் கருவி வேண்டுமென்றால் தோமஸ் லமாரின் 2009ஆம் ஆண்டு நூலைப் பாருங்கள். அசைவூட்டத்தில் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எப்படி நகர்கின்றன என்பதிலிருந்தே அவர் வாதம் தொடங்குகிறது.

மோதல் உண்மையானதா?

கட்டம் நிரம்பியதும் முதல் நிரலை மட்டும் மேலிருந்து கீழாக வாசியுங்கள். கேள்விகள் வேறென்றால் மோதல் இல்லை. கேள்வி ஒன்றாக இருந்தால் ஐந்தாம் நிரலைப் பாருங்கள்: ஒரே சொல்லை இருவரும் ஒரே பொருளில்தான் ஆள்கிறார்களா?

மெய்யியலாளர் ஸ்டான்லி கவெல் 1971இல் திரைப்படம் என்பது என்ன என்று வரையறுத்தபோது கார்ட்டூன்களை வெளியே வைத்தார். ஊடகக் கோட்பாட்டாளர் லெவ் மனோவிச் 2001இல், எண்ணிமத் திரைப்படம் அசைவூட்டத்தின் ஒரு வகைதான் என்று எழுதினார். அடுத்தடுத்து வைத்தால் கடும் சண்டை போலத் தோன்றும். ஆனால் கவெலுக்குத் திரைப்படம் என்றால் கமெரா முன் இருந்த உலகம் தானாகப் பதிவாகித் திரையில் விழுவது. மனோவிச் பேசுவது, எடுத்த காட்சியைக் கணினியில் புள்ளி புள்ளியாக மாற்றி வரையக்கூடிய காலத்தைப் பற்றி. இடையில் முப்பது ஆண்டும் ஒரு தொழில்நுட்பமும் கிடக்கின்றன. இதை "கவெல் மறுக்கிறார், மனோவிச் ஏற்கிறார்" என்று எழுதுவது பிழை. "சொல்லின் எல்லை எப்படி நகர்ந்தது" என்று எழுதினால் அதுவே ஒரு நல்ல பந்தி.

உண்மையான மோதலுக்கு ஜேர்மன் சிந்தனையாளர்களான வோல்ட்டர் பெஞ்சமினையும் தியோடோர் அடோர்னோவையும் எடுக்கலாம். கார்ட்டூன் வன்முறையைப் பார்த்துக் கூட்டமாகச் சிரிப்பது மக்களை என்ன செய்கிறது என்பதுதான் இருவரின் கேள்வியும். பெஞ்சமின் தன் கலைப்படைப்புக் கட்டுரையின் முந்திய வடிவமொன்றில், அந்தச் சிரிப்பு வெகுசன மனநோய் முற்றுவதற்கு முன்பே அதை வெளியேற்றும் மருந்து என்று கருதினார். அடோர்னோ 1936 மார்ச் 18ஆம் திகதியிட்ட கடிதத்தில், திரையரங்குச் சிரிப்பில் நன்மை எதையும் தான் காணவில்லை என்று அவருக்கே எழுதினார். பின்னர் ஹோர்க்ஹைமரோடு சேர்ந்து எழுதிய நூலில் (1944இல் சுற்றுக்கு விட்டது, 1947இல் அச்சானது) டொனால்ட் டக் வாங்கும் அடி பார்வையாளரைத் தாமும் அடிவாங்கப் பழக்குகிறது என்ற வாதம் வந்தது. கேள்வி ஒன்று, சொல் ஒன்று, ஒருவருக்கு மற்றவர் நேரடியாக விடையும் சொல்கிறார். இந்தக் கால வரிசையைக் கட்டாயம் குறியுங்கள். 1947இன் நூலைப் பெஞ்சமின் "மறுக்கிறார்" என்று எழுதினால் 1940இல் இறந்தவரை எழுப்பிப் பேசவைத்ததாகிவிடும்.

எந்த நிலையில் நிற்பது

இணைத்தல் என்றால் எல்லோரையும் சமாதானப்படுத்துவது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நன்னூல் எழுவகை மதம் என்று ஏழு நிலைகளை வகுத்து வைத்திருக்கிறது. அவற்றில் நான்கு இந்த வேலைக்கு நேரடியாக உதவும்: உடன்படல், மறுத்தல், பிறர்தம் மதம் மேற்கொண்டு களைதல் (அவர் சொல்வதை முதலில் ஏற்று அதன் வழியே நடந்து, எங்கே உடைகிறதென்று காட்டுதல்), இருவர் மாறுகோள் ஒருதலை துணிதல் (இருவர் முரண்படும் இடத்தில் ஒரு பக்கத்தைத் துணிந்து கொள்ளுதல்). நாவலரின் காண்டிகையுரையோடு நன்னூல் படித்த ஊர் இது. இந்தப் பகுப்பை ஆய்வுமுறைப் பாடத்தில் ஏன் எடுப்பதில்லை என்பது விளங்கவில்லை.

ஒவ்வொரு பந்திக்கும் முன்னால் பென்சிலால் இவற்றுள் ஒன்றை எழுதி வையுங்கள். கட்டுரை முழுதும் உடன்படலாக இருந்தால் அது பாராட்டு. முழுதும் மறுத்தலாக இருந்தால் வாசகர் உங்களை நம்பமாட்டார். மூன்றாவது நிலைதான் அதிக பலன் தரும். அதிக இடமும் கேட்கும், ஏறக்குறைய 250 சொல்.

ஒருதலை துணியும்போது "முழுக்க அவர் சரி" என்று போக வேண்டியதில்லை. எந்த எல்லைக்குள் அவர் சரி என்று சொல்வதும் துணிவுதான்.

ஒரு பந்தி, இரண்டு விதமாக

நேப்பியர் இப்படத்தை ‘வெறுங்கால் ஜென்’ (1983) படத்தோடு சேர்த்து, "பாதிக்கப்பட்டோர் வரலாறு" என்ற சட்டகத்தில் வைத்துப் பார்க்கிறார்: போரில் யப்பானிய மக்கள் பாதிக்கப்பட்டோராக மட்டும் நினைவுகூரப்படும் வரலாறு. வெண்டி கோல்ட்பேர்க் 2009இல் ‘மெக்கடேமியா’ ஆய்விதழில் எழுதியபோது, படம் அந்தச் சட்டகத்தைத் தாண்டுகிறது என்று தலைப்பிலேயே அறிவித்தார். தக்காஹத்தாவோ, இது போர் எதிர்ப்புப் படமே இல்லை என்று பலமுறை சொல்லியிருக்கிறார். சமூகத்தை விட்டு விலகி இருவராக வாழ முயன்றவர்களின் தோல்வி என்பது அவர் பார்வை.

வழக்கமாக வரும் பந்தி இப்படி இருக்கும்:

"நேப்பியர் இப்படம் பாதிக்கப்பட்டோர் வரலாறு என்று கூறுகிறார். ஆனால் கோல்ட்பேர்க் அவ்வாறில்லை என்று கூறுகிறார். இயக்குநர் இது போர் எதிர்ப்புப் படம் அல்ல என்று கூறுகிறார். எனவே இயக்குநரின் கருத்தே சரியானதாகும்."

மூன்று "கூறுகிறார்". படத்திலிருந்து ஒரு காட்சிகூட இல்லை. இயக்குநர் சொல்லிவிட்டால் வழக்கு முடிந்தது என்ற எடுகோள் வேறு. தக்காஹத்தா பேசுவது தன் நோக்கத்தை. நேப்பியர் பேசுவது ஒரு நாட்டின் நினைவில் படம் வகிக்கும் இடத்தை. நோக்கம் ஒன்றாகவும் விளைவு வேறாகவும் இருக்கலாம். இயக்குநரும் கட்டத்தில் ஒரு வரிசைதான்.

அதே சரக்கைக் கேள்வியைச் சுற்றிக் கட்டினால்:

"படம் பார்வையாளரைப் பரிதாபத்தோடு நிறுத்திவிடுகிறதா, அல்லது பொறுப்பையும் கேட்கிறதா? பாதிக்கப்பட்டோர் வரலாறு என்ற நேப்பியரின் சட்டகம் முதல் விடையை நோக்கிச் செல்கிறது. கோல்ட்பேர்க் இரண்டாவதை நோக்கி. நுளம்புவலைக் காட்சி இருவரையும் சோதிக்க உதவும். வலைக்குள் விட்ட மின்மினிகளின் ஒளியில் செய்த்தா, தந்தை பங்குகொண்ட கடற்படை அணிவகுப்பை நினைத்துப் பெருமிதம் கொள்கிறான். பூச்சிகளின் வெளிச்சம் கப்பல் விளக்குகளாகிறது. விடிந்ததும் செத்சுகோ செத்த மின்மினிகளுக்குக் குழி தோண்டுகிறாள். அம்மாவும் குழிக்குள்தான் என்று தனக்குத் தெரியும் என்கிறாள். படைப் பெருமிதமும் அதன் விலையும் ஓரிரவுக்குள் ஒரே பூச்சியால் வரையப்பட்டிருக்கின்றன. ஆகவே காட்சிக்கு உள்ளே கோல்ட்பேர்க்கின் வாதம் நிற்கிறது: சிறுவனின் பெருமிதத்தைப் படம் கண்டும் காணாமலும் விடவில்லை. எனினும் அந்தக் கப்பல்கள் எங்கே போயின, அங்கே யார் செத்தார்கள் என்பது இக்காட்சியில் இல்லை. காட்சிக்கு வெளியே நேப்பியரின் கேள்வி அப்படியே நிற்கிறது."

ஏறக்குறைய தொண்ணூறு சொல். அதில் விமர்சகர்களின் நிலையைச் சொல்ல இரண்டு சிறு வாக்கியங்கள்தான், பெரும்பகுதி காட்சிக்கு, முடிவு எழுதுபவருடையது. உங்கள் பந்தியிலும் அளவு இந்தப் பக்கமே சாய்ந்திருக்கட்டும். விமர்சகர் இருவருக்கு மேல் ஒரு பந்தியில் நெருக்க வேண்டாம். மூன்றாமவர் தேவையென்றால் ஒரு வாக்கியத்தோடு நிறுத்துங்கள். பெயருக்குப் பின்னால் ஆண்டும் பக்க எண்ணும் உங்கள் பிரதியிலிருந்து.

தமிழில் எழுதும்போது

பரிமேலழகர் "என்று உரைப்பாரும் உளர்" என்று பெயர் சொல்லாமல் கடந்துபோகலாம். ஒப்படையில் அது செல்லாது. "கூறப்படுகிறது", "கருதப்படுகிறது" என்பவையும் அதே வகைதான்: யார், எங்கே என்று பரிசோதகர் கேட்டால் பதில் இருக்காது.

"கூறுகிறார்" என்ற ஒரு வினை எல்லோருக்கும் பொருந்தாது. சான்றோடு நிறுவினால் வாதிடுகிறார். எதிர்த்தரப்பை ஏற்றால் ஒப்புக்கொள்கிறார். உறுதியில்லாமல் முன்வைத்தால் ஊகிக்கிறார். பிழையான வினையைப் போட்டால் விமர்சகர் சொல்லாத உறுதியை அவர் தலையில் கட்டியதாகிவிடும். மேற்கோளை நீங்களே தமிழாக்கினால் "தமிழாக்கம் கட்டுரையாளருடையது" என்று ஒருமுறை குறியுங்கள். கலைச்சொல்லுக்கு முதற் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தெரிவுசெய்து கடைசிவரை அதையே ஆளுங்கள். ஓரிடத்தில் அசைவூட்டம், இன்னோரிடத்தில் இயங்குபடம், வேறோரிடத்தில் அனிமேஷன் என்று வந்தால், மூன்றும் மூன்று பொருளோ என்று வாசகர் தடுமாறுவார்.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பங்கரும் 1995 இடப்பெயர்வும் குடும்ப நினைவாக இருக்கும் ஒருவர் இப்படத்தைப் பார்க்கும் விதம் வேறு. அந்த வாசிப்புக்குக் கட்டுரையில் இடம் உண்டு. அதை மறைக்க வேண்டாம். ஆனால் அதற்கும் கட்டத்தில் ஒரு தனி வரிசை போடுங்கள்: கேள்வி என்ன, எந்தக் காட்சி, எங்கே விட்டுக்கொடுப்பீர்கள் என்று மற்றவர்களைப் போலவே நிரப்புங்கள். அப்படிச் செய்யாதபோது அது நேப்பியரின் வாய்க்குள் புகுந்துவிடும். அவர் வன்னியைப் பற்றி எழுதியது போல ஒரு வாக்கியம் விழும். நொசாக்காவின் கதை தன் தங்கையைப் பசியில் இழந்தவரின் கதை. அந்தத் தனி இழப்பையும், பேரரசொன்றின் போரையும், இங்குள்ள போரையும் ஒரே "போர்" என்ற சொல்லில் கரைத்துவிட்டால் நேப்பியர் கேட்ட கேள்வி காணாமற்போகும்.

சமர்ப்பிக்குமுன் அச்செடுத்த பிரதியை எடுத்து, விமர்சகர் பேசும் வாக்கியங்களை நீலத்தாலும், படத்தைக் காட்டும் வாக்கியங்களைச் சிவப்பாலும் கோடிடுங்கள். உங்கள் தீர்ப்பைப் பென்சிலால். சிவப்பில்லாத பந்தி படத்தைப் பார்க்காமலே எழுதக்கூடியது. பென்சில் இல்லாத பந்தி சுருக்கம். நீலம் இல்லாத பந்தி இரண்டு தொடர்ந்து வந்தால் விவாதத்தை விட்டு விலகிவிட்டீர்கள். திருத்தும்போது புதிய பந்தி சேர்க்க வேண்டியிருக்காது; பக்கத்துப் பந்தியிலிருந்து ஒரு வாக்கியத்தை இங்கே நகர்த்தினால் பெரும்பாலும் சரியாகும். கடைசியாகப் பெயர்களை ஓடவிட்டுப் பாருங்கள்: தக்காஹத்தா, டகஹாட்டா, தகஹதா என்று மூன்று பேர் உங்கள் உசாத்துணையில் இருக்கக்கூடாது.